அயன் மேன் பின்போல் மெஷினில் அம்மாவுக்கு மட்டும் பந்து நிற்பது ஏன்?

நானுஓயாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. கொழும்பில் மூடப்பட்ட ஒரு விளையாட்டு நிலையத்திலிருந்து அயன் மேன் பின்போல் மெஷின் ஒன்றை (கண்ணாடிக்கு அடியில் சரிந்த பலகையில் உருளும் உருக்குப் பந்தை, கீழே விழவிடாமல் பொத்தான்களால் அடித்து விளையாடுவது) வாங்கி, தங்கள் விருந்தினர் விடுதியின் முன் அறையில் வைத்திருக்கிறார்கள். விடுதி ஒரு பழைய பங்களா, பலகைத் தரை. அவரும் தம்பிமாரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விளையாடினால் மூன்று பந்தும் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடுகின்றன. முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற அம்மா, பகலில் விருந்தினர்கள் வெளியே போன நேரம் விளையாடினால், ஒரே பந்து அவ்வளவு நேரம் நிற்கிறது. "மெஷினில் பிழையா, எங்கள் கையில் பிழையா? கொழுந்து எடுத்த கை என்பதால்தான் அம்மாவுக்கு வருகிறதா?"

இரண்டிலும் கொஞ்சம் பிழை இருக்கிறது, தம்பி. கொழுந்து எடுத்த கை என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. அம்மாவின் திறமை உண்மையான திறமைதான், அதை விளக்க முடியும். ஆனால் நீங்கள் எழுதியதில் இன்னொரு விசயம் ஒளிந்திருக்கிறது. அம்மா விளையாடுவது பகலில், நீங்கள் விளையாடுவது இரவில். மலையில் இந்த இரண்டு நேரத்திலும் அது ஒரே மெஷின் இல்லை.

நான் இருபத்திரண்டு வருசம் தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீசியனாக இருந்தவன். அதற்குப் பிறகு பல வருசம் நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நேரத்தில் விளையாட்டு மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். அங்கே என் கையில் அதிக நாள் இருந்தது இதே அயன் மேன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மெஷினின் சுபாவம். இது சிகாகோ பக்கத்து ஸ்டேர்ன் கம்பனி 2010இல் செய்தது, வடிவமைத்தவர் ஜோன் போர்க். 2008இல் வந்த முதல் அயன் மேன் படத்தையும் 2010இல் வந்த இரண்டாவது படத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். ஆட்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால் 2014இல் அதே மெஷினை மறுபடியும் செய்து விற்றார்கள். வில்லியம்ஸ் கம்பனி 1999இல் பின்போலை விட்டுவிட்ட பிறகு, 2010 அளவில் உலகத்தில் பெரிய அளவில் இதைச் செய்துகொண்டிருந்தது ஸ்டேர்ன் மட்டும்தான். கைவிடப்பட்ட ஒரு தொழிலைத் தனியாகத் தூக்கிப் பிடித்த காலத்துச் சாமான் இது.

களத்தைப் பாருங்கள். நடுவில் பெரிய மைதானம் போல வெறுமையாக இருக்கிறது. மேலே பந்து ஏறி ஓடும் சரிவுப் பாதைகளான இரண்டு ரேம்ப், இரண்டு ஓரத்திலும் சுற்றி ஓடும் பாதை, அந்தப் பாதைகளில் தகடு போலச் சுழலும் ஸ்பின்னர்கள். நடுவில் தரைக்குள்ளிருந்து எழும்பி வருகிறான் அயன் மொங்கர். முதல் படத்தில் ஜெஃப் பிரிட்ஜஸ் நடித்த ஒபதாயா ஸ்டேன் கடைசியில் போட்டுக்கொண்டு வரும் அந்தப் பெரிய இரும்புக் கவசம். அவனை நெஞ்சில் அடித்தால்தான் புள்ளி. அடித்த பந்து எங்கே போகும்? வந்த வழியே, பந்தை அடிக்கும் கைகளான இரண்டு பிளிப்பருக்கும் நடுவிலுள்ள வாசலுக்கு நேராக. அதில் விழுந்தால் அந்தப் பந்து போய்விட்டது. விப்லாஷ் இன்னும் மோசம். இரண்டாவது படத்தில் மிக்கி ரூர்க் நடித்த அந்தச் சாட்டைக்காரன். அவனுக்கு முன்னால் தரைக்கு அடியில் காந்தம் இருக்கிறது. அது பந்தைப் பிடித்துத் தூக்கி எறியும், எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காந்தம் புதிதில்லை. சலித்த தூளை மூட்டையில் போடுவதற்கு முன் காந்தத்துக்கு மேலால் ஓடவிடுவோம், மெஷின் தேய்ந்து விழுந்த இரும்புத் துகளைப் பிடிப்பதற்காக. அங்கே காந்தம் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். இங்கே மின்சாரக் காந்தம், பிடித்துவிட்டு விட்டுவிடும். விடும் அந்தக் கணத்தில்தான் பந்துக்கு வேகம் பிறக்கிறது.

ஆகவே ஒரு பந்து அரை நிமிடத்தில் போவது இந்த மெஷினில் அதிசயமில்லை. நன்றாக விளையாடுகிறவர்களே இதைக் கொடுமையான மெஷின் என்பார்கள். சுப்பர் ஹீரோ படத்தை வைத்து வந்த வேறு மெஷின்களும் உண்டு. 1991இல் டேட்டா ஈஸ்ட் செய்த பட்மேன், 2007இல் ஸ்டீவ் ரிச்சி வடிவமைத்த ஸ்பைடர்மேன், 2008இல் வந்த டார்க் நைட். ஸ்பைடர்மேனில் டொக்டர் ஒக்டோபஸ், சாண்ட்மேன் என்று களம் நிறையப் பொம்மைகள், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் என்னைக் கேட்டால், கை பழகுவதற்கு அயன் மேனுக்கு இணை இல்லை. மறைக்க ஒன்றும் இல்லாத களம். நீங்கள் செய்த பிழையை அடுத்த நொடியே காட்டிவிடும்.

இனி மட்டம். உங்கள் பலகைத் தரையைப் பற்றி எழுதியிருப்பதால் இதில்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். பின்போல் களம் முன்பக்கமாக ஆறரைப் பாகை சரிந்திருக்க வேண்டும். ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 35 மில்லிமீற்றர் உயரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரசமட்டமும் அடிமட்டமும் இருந்தால் போதும், கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம். அளக்க வேண்டியது களத்துப் பலகையை, பெட்டியை அல்ல. கண்ணாடியை எடுத்துவிட்டு, பலகையின் மேலேயே வைத்து அளந்து பாருங்கள். அதைவிட முக்கியம் இடம் வலம். ரசமட்டத்தைக் குறுக்காக வைத்து மேலே ஒரு தடவை, கீழே பிளிப்பருக்குப் பக்கத்தில் ஒரு தடவை பாருங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் 80 கிராம் உருக்குப் பந்து அதைக் கண்டுபிடித்துவிடும், ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்க ஓரவழியால், அதாவது பிளிப்பருக்கு எட்டாமல் ஓரத்தில் இறங்கும் வழியால், போய் விழும். உங்கள் பந்துகள் அதிகமாக எந்தப் பக்கம் போகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. இருபது பந்தைக் கணக்குப் பாருங்கள். பதினைந்து ஒரே பக்கம் போனால் அது கைப்பிழை இல்லை.

நான்கு காலிலும் அடியில் திருகு இருக்கும், பூட்டும் நட்டைத் தளர்த்தித் திருப்பினால் உயரம் மாறும். மெஷின் நூறு கிலோவுக்கு மேல், தனியாகத் தூக்க வேண்டாம். ஒருவர் தூக்க ஒருவர் திருப்ப வேண்டும். பழைய பங்களாப் பலகையில் கால் அழுந்திக்கொண்டே போகும், இன்றைக்குச் சரியாக வைத்தது அடுத்த மாதம் சரிந்திருக்கும். நான்கு காலுக்கும் அடியில் உள்ளங்கை அளவு தடித்த பலகைத் துண்டு வைத்துவிடுங்கள். அந்தத் துண்டு வெறும் தரைப் பலகையின் மேல் அல்ல, அதைத் தாங்கிக் கீழே ஓடும் மரத்துக்கு, அதாவது வளைக்கு, நேர் மேலே வரும்படி இடம் பார்த்து வையுங்கள். ஆணி வரிசையைப் பார்த்தால் வளை எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

இரவு பகல் கதைக்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை யாரும் பார்ப்பதில்லை.

பிளிப்பரைத் தூக்குவது ஒரு கொயில், செப்புக் கம்பிச் சுருள். பொத்தானை அழுத்தினால் சுமார் 50 வோல்ட் அதற்குள் பாயும், உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு இழுபடும், பிளிப்பர் எழும்பும். இந்த 50 வோல்ட் எங்கிருந்து வருகிறது? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை டிரான்ஸ்போமர் குறைத்துக் கொடுப்பதிலிருந்து. நடுவில் அதை ஒரே அளவில் நிறுத்திவைக்க ஒன்றும் கிடையாது. சுவரில் 230 வந்தால் கொயிலுக்கு முழுப் பலம். சுவரில் 200 வந்தால்? வோல்ட் குறைவது எட்டில் ஒரு பங்கு மாதிரித் தெரியும். ஆனால் பலம் வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது, அதனால் இழப்பது கிட்டத்தட்டக் கால்வாசி. கால்வாசி பலம் போன பிளிப்பரால் பந்தை ரேம்ப் உச்சிக்கு ஏற்ற முடியாது. பாதி வழியில் திரும்பி, நேரே உங்கள் நடு வாசலுக்கு வரும்.

இதை ஏன் யாரும் கவனிப்பதில்லை என்றால், திரையும் சத்தமும் கொஞ்சமும் மாறாது. மூளைப் பலகைக்குப் போகும் மின்சாரத்தை மெஷின் ஒரே அளவில் கட்டுப்படுத்தி வைக்கிறது. புள்ளிகளால் படம் காட்டும் 128க்கு 32 புள்ளித் திரை பளிச்சென்று எரியும், படத்தின் நாயகன் டோனி ஸ்டார்க்கின் உலகம் முழுச் சத்தத்தோடு ஓடும், மெஷினின் கை மட்டும் சோர்ந்துபோயிருக்கும். பார்க்கிறவர் மெஷின் நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மாலை ஆறரை மணிக்குப் பிறகு நம் ஊரில் எல்லா வீட்டிலும் லைட், டிவி, ரைஸ் குக்கர். விடுதியில் சுடுநீர் ஹீட்டர் வேறு. விருந்தினர் குளிரில் வந்து நான்கு அறையிலும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். லைன் நீளமாக வந்து கடைசியில் இருக்கும் வீடாக இருந்தால் இன்னும் குறையும். இரவு எட்டு மணிக்கு மெஷின் செருகியிருக்கும் அதே பிளக்கில் மீட்டர் வைத்துப் பாருங்கள், பகல் இரண்டு மணிக்கும் பாருங்கள். பதினைந்து வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வோல்ட்டை ஒரே அளவில் வைக்கும் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போடுங்கள், மெஷினின் பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் அளவைவிடப் பெரியதாகப் பார்த்து. ஹீட்டர் போகும் வயரிலிருந்து மெஷினுக்கு இணைப்பு எடுத்திருந்தால் அதை முதலில் பிரியுங்கள். பல இடத்தில் அது ஒன்றே போதும்.

இன்னொரு விசயம். இந்த மெஷின்கள் பல நாட்டு மின்சாரத்துக்கும் ஏற்ப டிரான்ஸ்போமர் இணைப்பை மாற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. உங்களுடையது எந்த நாட்டிலிருந்து கொழும்புக்கு வந்தது என்று தெரியாத நிலையில், ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இணைப்பு நம் 230க்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகக் கை வைக்க வேண்டாம். பெக்டரியில் ரோதைக்கு, அதாவது மெஷின் சக்கரத்துக்கு, பக்கத்தில் அதன் காவல் தெய்வமான ரோதமுனிக்கு ஏன் இடம் வைத்து வருசா வருசம் பூசை போட்டார்கள் என்று ரோதையில் ஆளின் கையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குத் தெரியும். 50 வோல்ட் என்று அலட்சியம் வேண்டாம். அந்தப் புள்ளித் திரைக்குப் போவது அதைவிடப் பெரிய வோல்ட். களத்தைத் தூக்குவதற்கு முன் பிளக் சுவரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போட்டு எரிந்துபோன ஒரு பலகையை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், அதைத் திருத்தவே முடியவில்லை.

மின்சாரத்தில் நமக்கு ஒரு நன்மையும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். செப்புக் கம்பி சூடேற ஏற அதன் தடை கூடும், ஒரு பாகைக்குச் சுமார் 0.39 சதவீதம். கொயில் 40 பாகை சூடேறினால் தடை 16 சதவீதம் அளவில் கூடிவிடும், பிளிப்பர் அந்த அளவுக்குச் சோரும். கொழும்புப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் விளையாடிய மெஷினின் கை தளர்வது இதனால்தான். நம் பக்கத்தில், அதுவும் 1,600 மீற்றருக்கு மேலே இருக்கும் உங்கள் ஊரில், கொயில் அவ்வளவு சூடாவதில்லை. வோல்ட் மட்டும் ஒழுங்காக வந்தால், கொழும்பில் இருந்ததைவிட உங்கள் வீட்டில் இந்த மெஷின் வீரியமாக ஓடும்.

குளிர் நல்லது, ஈரம்தான் எதிரி. இரவெல்லாம் குளிர்ந்துபோன இரும்பு, காலையில் பனிமூட்டம் கதவு வழியாக உள்ளே வரும்போது வியர்க்கும். கண்ணாடியில் தெரிகிற அதே வியர்வை பந்திலும், கொயில் தண்டிலும், ஸ்பின்னர் கம்பியிலும் படிகிறது. 27 மில்லிமீற்றர் பந்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துருப்புள்ளி வந்தால் போதும், அது களத்தின் மேல் அரம் மாதிரி ஓடும். வருசக்கணக்காக மினுங்கிய வார்னிஷ் இரண்டு சீசனில் சாம்பல் நிறமாகிவிடும். பந்துகளை எடுத்துச் சுத்தமான வெள்ளைத் துணியில் உருட்டிப் பாருங்கள். கறுப்பு வந்தால் பரவாயில்லை, அது ரப்பர்த் தூள். மண்ணிறம் வந்தால் எல்லாப் பந்தையும் மாற்றுங்கள். மெஷினில் மாற்ற வேண்டிய சாமான்களில் விலை குறைந்தது பந்துதான், அதில் சிக்கனம் பிடித்தால் விலை கூடிய களத்தை இழப்போம்.

தேயிலைத் தூளை ஏன் 3 சதவீத ஈரம் வரைக்கும் காயவைக்கிறோம், ஏன் சலிக்கிற அறையின் கதவை மழையில் சாத்தி வைக்கிறோம் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அதே அக்கறைதான் இங்கேயும் வேண்டும். முன் அறையின் வாசற்கதவு நேரே மெஷினைப் பார்க்கிறது என்றால் மெஷினைத் திருப்பி வையுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடம் விடுங்கள். ஆள் இல்லாத மழைக்காலத்திலும் தினமும் ஒரு மணி நேரம் மெஷினைப் போட்டு வையுங்கள். உள்ளே எரியும் விளக்குகளின் வெப்பமே பெட்டியைக் காயவைக்கும். ஆனால் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.

சுத்தம் செய்வதற்குத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மெல்லிய துணியால் தூசு எடுத்து, காருக்குப் போடும் நல்ல மெழுகில், அரைக்கிற மண் இல்லாத வகையாகப் பார்த்து, மெல்லியதாகப் பூசித் துடையுங்கள். மெழுகு பூசிய பிறகு பந்து ஓடும் வேகத்தைப் பார்த்து முதலில் பயமாக இருக்கும். அதுதான் உண்மையான வேகம். அழுக்கில் இழுபடும் பந்து மெதுவாக வந்தாலும் வளைந்து வளைந்து வரும், அதைக் கணிக்க முடியாது. வேகமாக நேரே வரும் பந்தைத்தான் கை பழகிக்கொள்ளும்.

ஒன்று சொல்லி எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் நான் செய்த பிழை இது. முதல் வருசம், ஒரு பிளிப்பர் இறுகியிருக்கிறது என்று கொயில் தண்டுக்கு எண்ணெய் விட்டேன். பெக்டரிப் பழக்கம், அங்கே எண்ணெய் விடாத மெஷின் இல்லை. இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் எண்ணெயோடு தூசியும் ரப்பர்த் தூளும் சேர்ந்து களிமண் மாதிரி ஆகி, சீசன் நடுவில் பிளிப்பர் எழும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. தண்டு ஓடுவது நைலோன் குழாய்க்குள், அது உலர்ந்தே ஓட வேண்டும். இறுகினால் தண்டையும் குழாயையும் கழற்றித் துடைக்க வேண்டும், தேய்ந்திருந்தால் புதியது போட வேண்டும். எண்ணெய் போட வேண்டாம்.

தலைப்பெட்டிக்குள் மூளைப் பலகையில் சாதாரண பேட்டரிகள் செருகியிருந்தால், இந்தப் பதிலை வாசித்து முடித்த கையோடு பாருங்கள். மூடப்பட்ட இடத்திலிருந்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய பேட்டரி கசிந்தால் அந்தப் பச்சைப் பூஞ்சணம் பலகையின் செப்புக் கோடுகளை மெதுவாகத் தின்றுவிடும். ஒரு இரவு நன்றாக ஓடிய மெஷின் மறுநாள் எழும்பாது.

இவ்வளவும் சரி செய்த பிறகுதான் கையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை வரும்.

பின்போல் அதிர்ஷ்டமா திறமையா என்பது பெரிய வழக்காகவே இருந்தது. ஆரம்பத்தில் பிளிப்பரே கிடையாது, பந்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். 1947இல் கொட்லீப் கம்பனியின் ஹம்ப்டி டம்ப்டியில்தான் பிளிப்பர் முதன்முதலாக வந்தது. சூதாட்டம் என்று சொல்லி நியூயோர்க் நகரத்தில் பல பத்து வருசம் தடை செய்து வைத்திருந்தார்கள். 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர சபைக்காரர் முன்னால் மெஷினில் நின்று, பந்தை எங்கே அனுப்பப் போகிறேன் என்று சொல்லி அங்கேயே அனுப்பிக் காட்டினார். தடை நீங்கியது. அவர் காட்டியது ஒன்றுதான்: பந்து போகும் இடத்தைக் கை தீர்மானிக்க முடியும்.

உங்கள் அம்மா என்ன செய்கிறார் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் ஊகிக்க முடியும், நீங்கள் பக்கத்தில் நின்று சரிபாருங்கள். கொழுந்து எடுக்கிறவர்களின் இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். இடது கை ஒரு கொப்பில் இருக்கும்போது வலது கை வேறொன்றில். இரண்டும் ஒன்றாக ஒரே இலைக்குப் பாயாது. பின்போலில் புதியவர்கள் எல்லோரும் செய்கிற முதல் பிழை, பந்து கிட்ட வந்ததும் இரண்டு பொத்தானையும் ஒன்றாகக் குத்துவது. இரண்டு பிளிப்பரும் கீழே கிடக்கும்போது நடு வாசல் ஒடுக்கம், இரண்டும் எழும்பினால் அது அகலமாகத் திறக்கும். பந்துக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். அம்மா ஒரு பக்கத்தை மட்டும் தொடுகிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது, தொடாமல் விடுவது. எடுக்கிற அளவுக்கு இன்னும் வளராத கொழுந்தைக் கை தானாகத் தாண்டிப் போகும் இல்லையா, அந்தப் பழக்கம். உங்களை நோக்கி வரும் பந்து ஒரு பிளிப்பரின் நடுவில் விழப்போகிறது என்றால் ஒன்றும் செய்யாமல் நில்லுங்கள். பந்து ரப்பரில் பட்டு, மெல்லத் துள்ளி, மற்றப் பிளிப்பருக்குப் போகும். அங்கே பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் பந்து உருண்டு வந்து, எழும்பி நிற்கும் பிளிப்பரின் அடிப்பாகத்து மடியில் தங்கும். அழுத்திக்கொண்டே இருங்கள், பந்து அங்கேயே நிற்கும். ஒரு மூச்சு விடுங்கள். அயன் மேன் மாதிரி வேகமான மெஷினில் விளையாட்டு என்பது இந்த நிறுத்தம்தான். நிறுத்தத் தெரியாதவர் வேகத்தோடு சண்டை பிடிக்கிறார், நிறுத்தத் தெரிந்தவர் குறி பார்க்கிறார். தம்பிமாரை ஒரு மாலை முழுக்கப் புள்ளியை மறந்துவிட்டு, பந்தை மடியில் நிறுத்துவதை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

நிறுத்திய பந்தை விடும்போது பிளிப்பரின் நுனியை நோக்கி உருளவிட்டு அடித்தால் எதிர்ப்பக்கத்துக்குக் குறுக்கே போகும், அடிப்பாகத்தில் அடித்தால் நேரே மேலே போகும். தொடக்கத்தில் மொங்கரையும் விப்லாஷையும் தேடிப் போக வேண்டாம். ஓரப் பாதைகளின் ஸ்பின்னர்களையும் ரேம்ப்களையும் அடியுங்கள். அங்கே போன பந்து முகத்துக்கு நேரே திரும்பி அடிக்காது. ரேம்ப் ஏறிய பந்து பாதை வழியாகப் பிளிப்பருக்கே வந்து சேரும், அதை மறுபடி நிறுத்தலாம். ஸ்பின்னர் முழு வேகத்தில் சுழலும் அந்தச் சத்தத்தைப் போல மனதுக்கு நிறைவான சத்தம் இந்த மெஷினில் வேறில்லை. பிளிப்பர் பலம் சரியாக இருக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கவும் அது உதவும்.

மெஷினை இலேசாகத் தட்டிக்கொடுப்பது விளையாட்டின் ஒரு பகுதி, களவு இல்லை. ஓரவழிப் பக்கம் தடுமாறும் பந்தை உள்ளங்கையால் ஒரு சிறு தள்ளலில் காப்பாற்றலாம். அளவு மீறினால் டில்ட் ஆகி எல்லாம் அணைந்துவிடும். மேசன்மாரின் தூக்குக்குண்டு மாதிரி ஒரு குண்டு பெட்டிக்குள் தொங்குகிறது, அது வளையத்தில் பட்டால் டில்ட். உங்கள் பலகைத் தரையில் யாராவது பக்கத்தில் ஓடினாலே குண்டு ஆடக்கூடும். நீங்கள் தள்ளாமலே டில்ட் வருகிறது என்றால் காரணம் அதுதான். காலடியில் பலகைத் துண்டு வைப்பது இதற்கும் மருந்து.

விருந்தினர்களுக்காக ஒரு யோசனை. காசுக் கதவைத் திறந்தால் உள்ளே நான்கு பொத்தான்கள் இருக்கும், அவற்றால் மெஷினின் அமைப்பு மெனுவுக்குள் போகலாம். அங்கே மெஷினை எளிய நிலைக்கு மாற்றவும், பந்து விழுந்தாலும் திருப்பித் தரும் நேரத்தை நீட்டவும் முடியும். குளிரில் நடுங்கி வந்த ஒரு சின்னப் பிள்ளையின் முதல் பந்து ஐந்து நொடியில் போகக் கூடாது. பிள்ளைகள் ஏறி நிற்க ஆடாத பெட்டி ஒன்றும் வையுங்கள். ஆனால் நீங்களும் தம்பிமாரும் பழகும்போது அமைப்பைப் பழைய நிலைக்கே கொண்டுவாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நீங்களே விடை காண ஒரு வழி சொல்கிறேன். ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு நீங்கள் விளையாடுங்கள், அன்று இரவு எட்டு மணிக்கு அம்மாவை விளையாடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஐந்து ஆட்டம். ஒவ்வொரு பந்தும் எத்தனை நொடி நின்றது, எந்தப் பக்கத்தால் போனது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தொடங்கும்போது மீட்டர் காட்டிய வோல்ட்டையும் மேலே எழுதுங்கள். இரவில் அம்மாவின் பந்தும் சீக்கிரம் போனால் ஸ்டெபிலைசர் வாங்கத்தான் வேண்டும். பகலிலும் உங்கள் பந்து நிற்காமல், இரவிலும் அம்மாவின் பந்து நின்றால், மெஷினைத் திறக்க வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவருடைய இரண்டு கையையும் பாருங்கள். அந்தக் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் அடுத்து எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.